மொரிசெத் காட்டிய ஊர்

வெர்வில் துறைமுகத்தில் கப்பல் வந்து நின்றதும் மாலுமிகள் முதலில் தேடுவது மொரிசெத் துபோக்கின் வெள்ளை வேனைத்தான். பக்கவாட்டில் மாலுமிகள் கிளப்பின் பெயர் எழுதியிருக்கும், பாதி எழுத்துகள் உப்புக்காற்றில் உரிந்துபோன நிலையில். கப்பல் நிற்பது அரை நாள். வேலை முடித்து, குளித்து, வெளியே வர அனுமதி வாங்கியபின் அவர்களுக்கு மிஞ்சுவது ஒரு மதியப்பொழுது மட்டும். நடந்தே ஊருக்குள் வந்து திரும்பினால் அதுவும் போய்விடும். அதனால்தான் கிளப் வேன் விடுகிறது. ஓட்டுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது.

மொரிசெத்துக்கு அப்போது எழுபது தாண்டியிருந்தது. பதினாறு வயதுப் பெண்ணாக ஹெர்ரிங் மீனைப் புகைபோடும் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். கூடத்தை மூடியபின் பள்ளிப் பேருந்து ஓட்டினார். இந்த ஊரில் பாதிப்பேர் அவரிடம் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள், நான் உட்பட. நடுவில் ஒரு கல்யாணம் நடந்து முடிந்தும் போயிருந்தது. அதைப்பற்றி யாராவது கேட்டால் "நல்லா சமைப்பான்" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

வேனில் அவர் பேசிக்கொண்டே இருப்பார். பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பிரெஞ்சு தெரியாது என்பதை அவர் ஒரு குறையாகவே நினைத்ததில்லை. முதலில் சுண்ணாம்புப் பாறை உச்சியில் இருக்கும் மாலுமிகளின் தேவாலயம். அதன் உள்சுவர் முழுக்கக் கடலில் காணாமல்போனவர்களின் பெயர்கள். "துபோக், மார்செல்" என்ற பெயரின்மேல் விரலை வைத்து, "இது எங்கப்பா" என்பார். மொரிசெத் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த வயதில் படகோடு போனவர் அப்பா. உடல் கிடைக்கவில்லை. மாலுமிகள் தொப்பியைக் கழற்றிவிட்டு அந்தப் பெயரைப் படம் எடுத்துக்கொள்வார்கள். அடுத்தது, பாறை இடிந்து கடற்கரையில் தலைகீழாக விழுந்து கிடக்கும் ஜெர்மானியர் காலத்துக் கான்கிரீட் அரண். கடைசியில் சூப்பர் மார்க்கெட். உண்மையில் எல்லோரும் வந்தது அதற்குத்தான் என்பது மொரிசெத்துக்கும் தெரியும். இருந்தாலும் முதல் இரண்டையும் பார்க்காமல் யாரையும் அங்கே இறக்கிவிட மாட்டார்.

நுக்ஸாருக்கும் அவர் ஒருமுறை அப்படி ஊரைச் சுற்றிக் காட்டியிருக்கிறார். ஜார்ஜியாவில் பத்துமி ஊர்க்காரன், மரக்கட்டை ஏற்றிவரும் கப்பலில் வேலை. அடுத்தமுறை அதே கப்பல் வந்தபோது பெருந்தொற்றின் முதல் வசந்தம். யாருக்கும் இறங்க அனுமதியில்லை. இறங்காமலே சரக்கறை ஏணியிலிருந்து விழுந்து செத்துப்போனான். விமானம் எதுவும் பறக்கவில்லை. கப்பல் கம்பெனி இரண்டு நாள் தொலைபேசியை எடுத்தது, பிறகு எடுக்கவில்லை. எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்திலேயே, யாரும் விலைக்கு வாங்காத பொது நிலத்தில் புதைத்தார்கள். அடக்கத்துக்கு வர அனுமதி கிடைத்த சிலரில் மொரிசெத்தும் ஒருவர்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் போனார். மரச்சிலுவையைத் துடைப்பார், பூத்தொட்டியை மாற்றுவார். ஒரு படம் எடுத்துப் பத்துமியில் இருக்கும் நுக்ஸாரின் அம்மா த்ஸியாலாவுக்கு அனுப்புவார். அங்கிருந்து ஒரு சிவப்பு இதயம் பதிலாக வரும். இருவருக்கும் பொதுவான மொழி அது ஒன்றுதான்.

பொது நிலத்தில் சட்டம் கொடுப்பது ஐந்து வருடம். அதன்பின் நகராட்சி நினைத்தால் குழியைத் திறந்து, எலும்புகளை எடுத்து, எலும்பறையில் வைத்துவிட்டு இடத்தை வேறொருவருக்குக் கொடுக்கலாம். விலைக்கு வாங்கிய இடங்களுக்கு விதி வேறு. கவனிப்பாரற்றுக் கிடந்தால்தான் நகராட்சி கைவைக்கும். அதனால்தான் நவம்பர் முதல் தேதி, இறந்தோர் நாளுக்கு முன்னால், ஊரே வாளியும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு போய்க் கல்லறை கழுவி, சாமந்தித் தொட்டி வைத்துவிட்டு வருகிறது. பக்தி பாதி, பக்கத்துக் கல்லறைக்காரர்களின் வாய்க்குப் பயந்து பாதி. பூ இருக்கும் கல்லறையை நகராட்சி தொடாது என்று இங்கே எல்லோரும் சொல்வோம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள். பொது நிலத்துக்கு அது பொருந்தாது என்பதை யாரும் யோசித்ததில்லை. அங்கே யாருக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள்?

ஐந்து வருடம் முடிந்த வரிசையைத் திறக்கப்போவதாக அறிவிப்பு தோட்டத்தின் வாசலில் மாதக்கணக்கில் ஒட்டியிருந்தது. மொரிசெத் வாராவாரம் அதைத் தாண்டித்தான் உள்ளே போனார், படிக்கவும் செய்தார். கவனிப்பாரற்றுக் கிடக்கும் பாவப்பட்ட ஜீவன்களுக்கானது என்று நினைத்துக்கொண்டார். தன் ஆளுக்குத்தான் தொட்டி நிறையப் பூ இருக்கிறதே.

அந்தக் குளிர்காலத்தில் இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை. மார்ச்சில் கைத்தடியோடு மறுபடி போனபோது அந்த வரிசையே இல்லை. சரளைக்கல் கொட்டிச் சமன் செய்திருந்தார்கள். அவருடைய பூத்தொட்டி மட்டும் சுவரோரம், மற்ற காலித் தொட்டிகளோடு கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஈஸ்டருக்கு த்ஸியாலாவுக்குப் பழைய படம் ஒன்றை அனுப்பினார். சிவப்பு இதயம் வந்தது. அதற்கடுத்தும் பழைய படங்கள். ஜூன் மாதத் தொடக்கத்தில் இதயத்துக்குப் பதிலாக ஒரு செய்தி வந்தது, யாரோ பிரெஞ்சில் மாற்றிக் கொடுத்தது: மூத்த மகன் மல்காஸ் வேலை பார்க்கும் கப்பல் வெர்வில்லில் அரைநாள் நிற்கப்போகிறது. தம்பியின் கல்லறையை அவன் பார்க்க வேண்டும். அங்கிருந்து அம்மாவை வீடியோவில் கூப்பிடுவான்.

ஜார்ஜியாவில் ஒரு விடுதியில் இரண்டு குளிர்காலம் வேலை செய்தவள் என்பதால் கிளப்பில் அன்று மொழிபெயர்க்க என்னை அழைத்திருந்தார்கள். கல்லறை போன கதை எனக்கு அப்போது தெரியாது.

மல்காஸ் நாற்பதைத் தாண்டியவர், கனத்த உடம்பு, சவரம் செய்த முகம், இஸ்திரி போட்ட சட்டை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் வீட்டு ஒயின் ஒரு பாட்டில், துணியில் சுற்றிய ரொட்டி. கூடவே அதே கப்பலின் சமையல்காரர் ரொடெல், பிலிப்பைன்ஸ்காரர், தன் மகள்களுக்குச் சாக்லேட் வாங்க வந்திருந்தார். மொரிசெத்தை எல்லா மாலுமிகளும் 'மம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். மல்காஸும் அப்படியே கூப்பிட்டு, அவர் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். மொரிசெத் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். வேலைக் கை, அழுக்காக இருக்கும் என்று என்னிடம் முணுமுணுத்தார்.

முதலில் தேவாலயத்துக்குப் போனோம். அதில் எனக்கு வித்தியாசமாக எதுவும் படவில்லை. மல்காஸ் மெழுகுவர்த்தி ஏற்றினார். பிறகு கவிழ்ந்த கான்கிரீட் அரண். அதன்பின் கோட்டைக்கு வண்டியை விட்டார் மொரிசெத். கோட்டையை அவர் யாருக்கும் காட்டியதில்லை. ஏறுவது கஷ்டம், மேலே ஒன்றும் இல்லை என்று அவரே சொல்வார். அன்று கைத்தடியை ஊன்றி முதல் ஆளாக ஏறினார். மேலேயிருந்து துறைமுகத்தின் ஒவ்வொரு பாரந்தூக்கியையும் எப்போது நிறுத்தினார்கள் என்று விளக்கினார். நான் மொழிபெயர்த்தேன். மல்காஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இறங்கும்போது, அடுத்தது கல்லறைத் தோட்டம்தானே என்று தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்டார். நான் மொரிசெத்திடம் கேட்டேன்.

"போலாம், போலாம். வழியிலதான இருக்கு."

வழியில் இருந்தது மீன் சந்தை. சந்தை முடிந்து தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பிறகு பழைய புகைக்கூடம். இப்போது அது அடுக்குமாடிக் குடியிருப்பு. தான் நின்று வேலை செய்த இடம் யாருடைய சமையலறை ஜன்னலாக ஆகியிருக்கிறது என்று காட்டினார். அதன்பின் ஊரார் யாரும் நின்று பார்க்காத ஒரு மேயரின் சிலை. ரொடெல் என் பக்கம் சாய்ந்து ஆங்கிலத்தில் சொன்னார். "மம்மா இந்த ஊரையே நமக்கு வித்துட்டுத்தான் விடுவாங்க போல. என்ன வெலைன்னு கேளுங்க."

மல்காஸ் சிரிக்கவில்லை. பாட்டில் உருளாமல் இருக்கப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய தொலைபேசி ஒருமுறை அடித்தது. எடுத்து, இன்னும் இல்லை அம்மா, கொஞ்சம் பொறு என்றார்.

சூப்பர் மார்க்கெட் வாசலில் ரொடெல் மட்டும் இறங்கிப் போனார். மல்காஸ் பின்சீட்டில் அசையாமல் இருந்தார். மொரிசெத் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக இந்த நேரத்தில் அவர் இறங்கி ஒரு சிகரெட் பிடிப்பார். உடம்பு சரியில்லையா என்று கேட்டேன்.

"தோட்டத்த எத்தன மணிக்கு மூடுவாங்க, தெரியுமா ஒனக்கு?" என்றார்.

தெரியாது என்றேன்.

"எனக்குத் தெரியும். இன்னும் கொஞ்ச நேரம்தான். மூடிட்டா அவரு நேரா கப்பலுக்குத்தான் போவணும். நான் என்ன பண்ண முடியும், நேரமாயிருச்சுன்னு சொல்லலாம்."

எனக்குப் புரியவில்லை. அப்போதுதான் பிரெஞ்சில், தலையைத் திருப்பாமல், அந்த வரிசையைத் தோண்டிவிட்டார்கள் என்று சொன்னார். அறிவிப்பைத் தன் கண்ணால் படித்தும் நம்பாமல் இருந்ததையும், ஈஸ்டரிலிருந்து பழைய படங்களை அனுப்பிக்கொண்டிருப்பதையும் சொன்னார். நேற்று இரவெல்லாம் யோசித்ததில் இந்த ஒரு வழிதான் தோன்றியதாம். ஊரைக் காட்டிக்கொண்டே இருப்பது.

"நுக்ஸார நான் ஒழுங்காத்தான் பாத்துக்கிட்டேன்," என்றார். "நுக்ஸாருக்கு வாரம் தவறாம..."

பின்சீட்டிலிருந்து மல்காஸ் முன்னால் சாய்ந்தார். "எந்தம்பி பேரச் சொல்றாங்க. என்னன்னு சொல்லுங்க எனக்கு."

நான் மொரிசெத்தைப் பார்த்தேன். அவர் வண்டியைக் கிளப்பினார். ரொடெல் கையில் இரண்டு பைகளோடு ஓடிவந்து ஏறிக்கொண்டார். கல்லறைத் தோட்டம் அங்கிருந்து இரண்டு தெரு தள்ளித்தான்.

காவலர் ரெமி வாசல் கதவின் ஒரு பக்கத்தை ஏற்கெனவே சாத்தியிருந்தார். பள்ளிப் பேருந்தில் சண்டை போட்டதற்காக மொரிசெத் ஒருகாலத்தில் நடுவழியில் இறக்கிவிட்ட பையன் அவர், இப்போது ஐம்பது வயது. மொரிசெத்தைப் பார்த்ததும், பின்னால் வரும் ஆளையும் அவர் கையிலிருந்த பையையும் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. கதவை மறுபடி திறந்துவிட்டார்.

சரளைக்கல் பரப்பின் முன்னால் மொரிசெத் நின்றார். மல்காஸ் இருபுறமும் பார்த்தார், சிலுவை எங்கே என்பதுபோல.

"சொல்லு," என்றார் மொரிசெத் என்னிடம். "ஒண்ணும் மறைக்காத. பூ வெச்சா தொட மாட்டாங்கன்னு நெனச்சேன்னு சொல்லு. நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப எடுத்துட்டாங்க. மூணு மாசமா அவரு அம்மாவ ஏமாத்திட்டிருக்கேன். அதையும் சொல்லு."

சொன்னேன். எனக்குத் தெரிந்த ஜார்ஜிய மொழி விடுதியில் துண்டும் போர்வையும் கொடுக்கப் பழகிய மொழி. எலும்பு என்பதற்கு வார்த்தை வராமல் என் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினேன்.

எரித்துவிட்டார்களா என்று மட்டும் கேட்டார் மல்காஸ். சில ஊர்களில் எரிப்பார்கள் என்று கப்பலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ரெமி தலையை அசைத்தார். "எரிக்கல. என் கையாலதான் எடுத்தேன். தனிப் பெட்டி, மேல பேரு எழுதி, உள்ள வெச்சேன்." சுவரோரம் இருந்த சாம்பல்நிறக் கற்பலகையைக் காட்டினார். எலும்பறையின் மூடி அது. பெயர் எதுவும் இல்லை.

திறக்க முடியுமா என்று மல்காஸ் கேட்டார். ரெமி மொரிசெத்தைப் பார்த்தார். "நகராட்சி அனுமதி வேணும். மதியமே வந்திருந்தா நானே ஃபோன் பண்ணிக் கேட்டிருப்பேன். சொந்த அண்ணன், இல்லேன்னு சொல்ல மாட்டாங்க. இப்ப ஆபீஸ மூடிட்டாங்க."

அதை மட்டும் நான் மல்காஸிடம் சொல்லவில்லை.

"அதையும் சொல்லு," என்றார் மொரிசெத்.

சொன்னேன். மல்காஸ் மொரிசெத்தின் பக்கம் திரும்பினார். பிறகு, குரலை உயர்த்தாமல், "கப்பல்ல எனக்குக் கொடுத்தது ஒரு மத்தியானம்," என்றார். "ஆறு வருஷம் காத்திருந்து கெடச்ச மத்தியானம். அதுல நீங்க எனக்கு ஒரு மீன் மார்க்கெட்டக் கழுவுறதக் காட்டுனீங்க, மம்மா."

மம்மா என்ற சொல்லை அவர் விடாமல் சொன்னதுதான் மொரிசெத்தை உடைத்தது என்று நினைக்கிறேன். கைத்தடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

தொலைபேசி அடித்தது. திரையில் அம்மாவின் படம். மல்காஸ் அடிக்கவிட்டார். நின்றது, மறுபடி அடித்தது. சட்டென்று அவர் சரளைப் பரப்பைத் தாண்டி அடுத்த வரிசைக்கு நடந்தார். அங்கே மரச்சிலுவைகள் இன்னும் நின்றிருந்தன. ஒன்றின் முன் நின்று, இது யார் என்று கேட்டார். முதியோர் இல்லத்திலிருந்து வந்த ஒரு கிழவர், பெயர் அனத்தோல் கிறுவே, இதுவரை யாரும் பார்க்க வந்ததில்லை என்றார் ரெமி.

மல்காஸ் சுவரோரம் போய்க் காலித் தொட்டிகளை ஒதுக்கி, பக்கத்துக் குவியலிலிருந்து பாதி வாடிய ஒரு செடியை எடுத்துவந்து, கிழவரின் பெயர் மறையும்படி சிலுவையின் முன்னால் வைத்தார்.

"அது அவன் இல்லயே," என்றார் மொரிசெத். யாருக்கும் கேட்க வேண்டும் என்று சொன்னதாகத் தெரியவில்லை.

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. ஆனால் மல்காஸுக்கு அது புரிந்தது. "அம்மாவுக்கு ஒரு எடம் வேணும். சரியான எடம் எதுன்னு எனக்குத் தெரியும், அது போதும்," என்றார்.

பிறகு அம்மாவைக் கூப்பிட்டார். திரையில் கறுப்புத் துணி கட்டிய ஒரு முகம், கேமராவுக்கு மிக அருகில். த்ஸியாலா முதலில் அழவில்லை. படத்தில் இருந்ததைவிடச் சிலுவை சின்னதாக இருக்கிறதே என்றார். மழையில் மண் ஏறியிருக்கிறது என்றார் மகன். ஒயினை ஊற்றச் சொன்னார் அம்மா. மல்காஸ் பாட்டிலைத் திறந்து அனத்தோல் கிறுவேயின் மண்ணில் சிலுவைக்குறியாக ஊற்றினார்.

"இன்னும் ஊத்து. கஞ்சத்தனம் பண்ணாத. அவன் எப்பவாச்சும் ஒரு கிளாஸோட நிறுத்தியிருக்கானா?"

முழுப் பாட்டிலையும் ஊற்றினார். ரொட்டியைப் பிய்த்து வைத்தார். அதற்குப் பிறகுதான் த்ஸியாலா அழுதார். அழுது முடித்ததும், அந்த அம்மாவைக் காட்டு என்றார்.

மல்காஸ் தொலைபேசியைத் திருப்பினார். மொரிசெத் ஒரு அடி பின்வாங்கினார். ஆனால் திரை அவரைப் பிடித்துவிட்டது. த்ஸியாலா வேகமாகப் பேசினார். மொரிசெத் என்னைப் பார்த்தார், என்ன சொல்கிறார் என்று.

"நன்றி சொல்றாங்க," என்றேன். "நீங்க இருக்கறதாலதான் மகன் அங்க தனியா இல்லன்னு நெனச்சுக்கறாங்களாம். தொடர்ந்து படம் அனுப்பணுமாம். சாகற வரைக்கும்."

மொரிசெத் வாயைத் திறந்தார். என்ன சொல்லப்போகிறார் என்று மல்காஸ் தொலைபேசியின் மேலாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அனுப்பறேன்னு சொல்லு," என்றார் மொரிசெத்.

கப்பலுக்குத் திரும்பினோம். துறைமுக வாசலில் ரொடெல் ஒரு சாக்லேட் பெட்டியை எடுத்து மொரிசெத்திடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொள்ளாததால் முன்சீட்டில் வைத்துவிட்டுப் போனார். மல்காஸ் கைகுலுக்கினார். நெற்றியில் வைத்துக்கொள்ளவில்லை. கப்பல் மாலை அலையேற்றத்தோடு புறப்பட்டது.

மொரிசெத் இப்போதும் வேன் ஓட்டுகிறார். பேச்சு குறைந்துவிட்டது. முதலில் எங்கே போக வேண்டும் என்று மாலுமிகளிடம் கேட்கிறார், கேட்ட இடத்துக்கே போகிறார். பெரும்பாலும் சூப்பர் மார்க்கெட். ஞாயிற்றுக்கிழமைகளில் அனத்தோல் கிறுவேயின் கல்லறைக்குப் போய்ச் சிலுவையைத் துடைத்து, பெயரை மறைத்துத் தொட்டியை வைத்துப் படம் எடுக்கிறார். எடுத்தபின் தொட்டியை நகர்த்திப் பெயர் தெரியும்படி வைத்துவிட்டுத்தான் வருகிறார். அப்புறம் எலும்பறைப் பலகைமேல் ஒரு பூவை வைக்கிறார். அதைப் படம் எடுப்பதில்லை.

நவம்பர் முதல் தேதி நானும் அவரோடு போயிருந்தேன். ஊரே தோட்டத்தில் இருந்தது, வாளிகளும் சாமந்தியும் வாய்ச்சண்டையுமாக. வாசலில் புது அறிவிப்பு. மொரிசெத் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். பின்னால் வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். அனத்தோல் கிறுவே படுத்திருக்கும் வரிசை அதில் இருந்தது. வசந்தத்துக்குள் எடுத்துவிடுவார்கள்.

அவர் ரெமியைத் தேடிப் போனார். எந்த வரிசையைக் கடைசியாக எடுப்பீர்கள் என்று கேட்டார். ரெமி கிழக்கு மூலையைக் காட்டினார். போன வாரம்தான் முதல் குழி வெட்டியிருந்தார்கள்.

"அதுக்கு இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு," என்றார். கொஞ்சம் தயங்கி, "அந்தப் பையனோட அம்மா அது வரைக்கும் இருப்பாங்களா, மொரிசெத்?" என்று கேட்டார்.

"நான் இருப்பேனான்னு கேளு மொதல்ல," என்றார் மொரிசெத்.

பிறகு கைத்தடியை ஊன்றி, அங்கே யாரைப் புதைத்திருக்கிறார்கள் என்று பார்க்கப் போனார்.